சல்லடை எண்

சுண்ணாம்பு கொதிக்கும்போது எட்டிப் பார்க்காதே என்று
பீப்பாய் சொல்லாது.
தீபாவளிக்கு லயத்துக்கு வெள்ளையடிக்க
தோட்டம் தந்தது இரண்டு மூடை.
வேலாயுதம் குனிந்தார்.
இடது கண் அன்றே போனது.
வலது கண்ணுக்கு மூன்று மாதம் பிடித்தது,
போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே.

கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு தரம்
செத்தவர் கொடுத்த விழிவெண்படலம் தைத்தார்கள்.
யாருடையதென்று சொல்லமாட்டார்கள்.
முதலாவது ஒரு தபால்காரருடையது என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.
இரண்டும் ஆறேழு மாதத்தில்
திரிந்த பாலாய் வெளுத்தன.
"உடம்பு ஏற்கவில்லை" என்றார் டாக்டர் தில்ருக்ஷி,
தமிழில், ஒவ்வொரு சொல்லாக,
இருட்டில் படியிறங்குகிறவரைப் போல.

மூன்றாம் தடவை ஒரு டப்பியைத் திறந்தார்.
சட்டைப் பொத்தானிலும் சிறிசு.
நடுவில் தெளிந்த வட்டம்.
சுற்றிவர வெள்ளையாய் ஒரு கரை,
பாணின் உள்பக்கம் மாதிரி.
"கரையெல்லாம் ஓட்டை.
தசை இதற்குள் போய் வளரும்.
வளர்ந்து பிடித்தால்தான் நிற்கும்."

பதினெட்டு வருஷமாய் ஸ்டோரில்
தூள் சலிக்கிற அறையில் நிற்கிறவள் நான்.
ஓட்டை என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை.
"எத்தனையாம் நம்பர் வலை, டாக்டர்?"

சிரிப்பார் என்றிருந்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
சிறிதானால் தசை நுழையாதாம்,
சுற்றி மதில் கட்டி வெளியே தள்ளிவிடுமாம்.
பெரிதானால் கண்ணின் நீர் கசியும், கிருமி வரும்.
தலைமயிரில் பாதி அகலம், அவ்வளவுதான்.
ஓட்டைக்கு ஓட்டை வழி இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் போனது அங்கேயே செத்துப்போகும்.

"இவ்வளவையும் எந்த ஊசியால் குத்துவது?"
"குத்துவதில்லை.
உப்பைச் சலித்து ஒரே பருமனாய் எடுத்து
பிளாஸ்டிக்கில் கலந்து இறுக விடுவோம்.
பிறகு தண்ணீரில் போடுவோம்.
உப்பு போய்விடும்.
அது இருந்த இடம் இருக்கும்."

ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோரம்.
நாவலப்பிட்டி தாண்டியும் அந்த உப்பு என்னை விடவில்லை.
சின்னம்மா குடும்பம் கப்பலேறின வருஷம்
எங்கள் லயத்தில் பூட்டிக் கிடந்த
எட்டாம் காம்பரா ஞாபகம் வந்தது.
எனக்கு அப்போது ஏழு வயசு.
சாவித்துளையில் கண் வைத்துப் பார்ப்பேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாதது அந்தக் காம்பரா நிறைய இருந்தது.

மூன்று மாதம் கண்ணுக்குள் மூடியே கிடந்தது அது.
தசை போகிறதா, மதில் கட்டுகிறதா,
யாருக்கும் தெரியாது.
ராத்திரி அவர் தூங்கியதும்
முகத்தருகே காது வைத்துக் கேட்டிருக்கிறேன்.
பைத்தியம்தான்.
சலிப்பு மெஷின் பக்கத்தில் நின்று நின்று
எதுவும் சத்தத்தோடுதான் ஓட்டையைக் கடக்கும் என்று
பழகிப்போன காது.

திறந்த அன்று அவர் பார்த்தது என்னையில்லை.
நர்சின் கைக்கடிகாரத்தை.
"பதினொன்று இருபது" என்றார்.
எனக்கு முதலில் கோபம் வந்தது.
அழுகை, பஸ் ஸ்டாண்டில், பிளேன்டீ ஆறிய பிறகு.

பெரிய பார்வை என்று சொல்லமாட்டேன்.
குழாய் வழியே பார்க்கிற மாதிரி, பக்கம் கிடையாது.
வாசற்படியில் தடுக்கி என்னைத் திட்டுகிறார்.
சாகும்வரை சொட்டுமருந்து,
அது டிக்கோயாவில் இல்லையென்றால் மறுபடி கண்டி,
அரை நாள் பேர் போகும்.

விடியக்காலையில் கதவைத் திறந்து கேட்பார்:
"வெளியே மூட்டமா, எனக்கு மட்டுமா?"
பளீரென்று வெயிலடித்த நாளிலும்
மூட்டம்தான் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு தரம்.
அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை மலையைக் காணவில்லை.
பிரட்டுக்குப் போகிறவர்களின் பேச்சு மட்டும் வருகிறது,
ஆள் இல்லை.
"எனக்கும் தெரியவில்லை" என்றேன்.
நம்பவில்லை மனுஷன்.
சுவரில் தட்டி
அடுத்த காம்பரா புஷ்பலீலாவைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.